முதலில் சீனி, அப்புறம் நான்

முதல் தடவை வீட்டை விட்டுக் கிளம்பியபோது நான்காவது நாளே திரும்பிப் போனேன். அம்மா காரணம் கேட்டாள். "இனிமே அப்படி நடக்காதுன்னு சொல்றார்ம்மா" என்றேன். அது பொய். என் கணவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. வாட்ஸப்பில் பதினோரு நொடி வீடியோ ஒன்று அனுப்பியிருந்தார். எங்கள் குளியலறைக் குழாயில் என் நாய் சீனியைக் கட்டியிருந்தது. கயிறு ஒரு முழம்கூட இல்லை. அவளால் உட்காரத்தான் முடியும், படுக்க முடியாது. தரை முழுக்க ஈரம். போன் கிட்டே வர வர, காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு வாலை ஆட்டினாள். வீடியோவோடு ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. எழுதத் தேவையில்லை என்று அவருக்குத் தெரியும்.

அன்று இரவே மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, விடியற்காலை தாம்பரம் பக்கம் பெருங்களத்தூரில் இறங்கினேன். கதவைத் திறந்தவன் முகத்தில் கோபமே இல்லை. "வந்துட்டியா, காபி போடு" என்றான். (அவன் என்றே எழுதுகிறேன். ஐந்தரை வருஷம் அவர், அவர் என்று சொன்னது போதும்.)

அது 2022 அக்டோபர். சீனியோடு நான் ஒரேயடியாக வெளியே வந்தது 2023 ஜூன். இடையில் போன எட்டு மாதமும் ஒரு நாய்க்காக நான் அந்த வீட்டில் இருந்தேன். இதை வெளியே சொல்ல ரொம்ப நாள் வெட்கப்பட்டேன். குழந்தைக்காகப் பொறுத்துக்கொண்டேன் என்று ஒருத்தி சொன்னால் ஊர் தலையாட்டும். நாய்க்காக என்றால் "உனக்கென்ன பைத்தியமா" என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பயந்தே யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் எட்டு மாதம் எட்டு வாரத்தில் முடிந்திருக்கும். இதே நிலையில் இருக்கிற யாராவது ஒருத்திக்கு அந்த நாட்கள் மிச்சமானால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

சீனி எனக்குக் கிடைத்தது 2019 நவம்பர் மழையில். தாம்பரம் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டீக்கடைப் பலகைக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்த நாட்டு நாய்க்குட்டி. நிறம் கருப்பட்டிக்கும் வெல்லத்துக்கும் நடுவே. எங்கள் விருதுநகர்ப் பக்கம் வெள்ளைச் சர்க்கரையைத்தான் சீனி என்போம். "நிறத்துக்கும் பேருக்கும் சம்பந்தமே இல்லையே" என்று அம்மா போனில் சிரித்தாள். பேர் ஒட்டிக்கொண்டது. கல்யாணமாகி இரண்டாவது வருஷம் அது. அடி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது, அதை இங்கே விவரிக்கவில்லை. சீனி வந்து வளர்ந்த பிறகு ஒன்று மாறியது. என்னை அடிக்க வேண்டிய தேவை அவனுக்குக் குறைந்துபோனது.

எங்கள் வாசலிலிருந்து இருபது அடியில் லாரி ஓடும் சாலை. சம்பளக் கார்டைக் கொடுக்க மாட்டேன் என்று நான் சொன்ன நாளில், கேட்டின் கொண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளியே கூட்டிக்கொண்டு போகப் போகிறான் என்று நினைத்து சீனி அவன் காலடியில் குதித்துக்கொண்டிருந்தாள். "திறக்கவா?" என்று மட்டும் கேட்டான். கார்டைக் கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் அவன் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. தம்பியிடம் போனில் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பேசினாலோ, ஆபீஸிலிருந்து வர நேரமானாலோ, வாசலில் கொண்டி ஒரு தடவை 'டக்' என்று கேட்கும். நான் போனை வைத்துவிடுவேன்.

2022 மே மாதம் ஒரு நாள் வீட்டுக்கு வர மணி ஆறரை ஆகிவிட்டது. சீனி எங்கே என்றேன். "மாடில காத்து வாங்குது" என்றான். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழல் எட்டாத இடத்தில், துணி காயப்போடும் கம்பத்தில் கட்டியிருந்தான். தண்ணீர்ச் சட்டி இல்லை. அந்த நேரத்திலும் தரை என் வெறுங்காலைச் சுட்டது. அவிழ்த்துவிட்டதும் அவள் ஓடி வரவில்லை. ஒவ்வொரு காலாகத் தூக்கி, வைக்க இடம் தேடுகிற மாதிரி மறுபடி வைத்தாள். தூக்கிக்கொண்டு கீழே வந்து பார்த்தேன். நான்கு பாதத்திலும் கறுப்புத் தோல் உரிந்து உள்ளே இளஞ்சிவப்பாகச் சதை தெரிந்தது.

ஆட்டோ பிடித்து, வழக்கமாக ஊசி போடும் கிளினிக்குக்கு ஓடினேன். டாக்டரம்மா மருந்து போட்டுக் கட்டுக் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "யார்மா கட்டினது?" நான் பதில் சொல்லவில்லை. அவர் மறுபடி கேட்கவும் இல்லை. கேஸ் தாளில் தேதி போட்டு, சூடான தரையில் பல மணி நேரம் கட்டப்பட்டதால் நான்கு பாதங்களிலும் தீக்காயம், உடலில் நீர் வற்றியிருக்கிறது என்று எழுதினார். போட்டோவும் எடுத்து வைத்துக்கொண்டார். "எழுதி வச்சிருக்கேன்மா. என்னைக்காவது உனக்குத் தேவைப்படும்." ஒன்றரை வருஷம் கழித்து நீதிமன்றத்தில் நான் கொடுத்த முதல் ஆவணம் அந்தத் தாள்தான். என் உடம்பில் பட்ட காயத்துக்கு ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டுகூட என்னிடம் இல்லை. நாய்க்கு இருந்தது. வீட்டில் மிருகத்துக்கு அடிபட்டால், "தானா விழுந்துடுச்சு" என்று மட்டும் டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள். உண்மையைச் சொல்லத் தைரியம் வராவிட்டால் பேசாமல் இருங்கள், காயத்தை அவர் பார்த்து எழுதட்டும்.

காகித விஷயத்தை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைசியில் எல்லாம் அதில்தான் வந்து நின்றது. நம் சட்டத்தின் கண்ணில் வளர்ப்பு மிருகம் ஒரு உடைமை. குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று கேட்பது போல நாய் யாரிடம் இருந்தால் அதற்கு நல்லது என்று பார்க்க நமக்குத் தனிச் சட்டம் இல்லை. யாருடையது என்பதுதான் கேள்வி. அப்படியென்றால் யாருடையது என்று காட்டுகிற காகிதம் வேண்டும்.

சீனியின் தடுப்பூசிப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் என் பேர் இருந்தது, முதல் நாள் அவளைக் கையில் வைத்திருந்தது நான் என்பதால். ஆனால் அதற்குக் கீழே எழுதியிருந்த போன் நம்பர் அவனுடையது. 'வெறிநோய் ஊசி போட வேண்டிய நாள்' என்று கிளினிக்கிலிருந்து வரும் எஸ்எம்எஸ் வருஷா வருஷம் அவனுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் ஓடிப்போன பிறகு வேறு ஊரில் ஊசி போட்டாலும், ஏதோ ஒரு பதிவில் அவன் நம்பர் இருந்தால் செய்தி அவனுக்கே போகும் என்று அப்போதுதான் உறைத்தது. நம்பரை மாற்றச் சொன்னேன். மாநகராட்சி உரிமம், தோலுக்கு அடியில் போடும் அடையாளச் சிப், நாய்த் தீனி வாங்கும் ஆப் என்று உங்கள் மிருகத்தின் பேரில் எதெல்லாம் இருக்கிறதோ, எல்லாவற்றிலும் யார் பேர், யார் நம்பர், எந்த முகவரி என்று ஒரு தடவை பாருங்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். மாற்றினால் அதற்கும் அவன் போனுக்கு ஒரு செய்தி போகலாம்.

டாக்டரம்மாவுக்கு நான் பணம் கொடுத்தது பெரும்பாலும் ஜிபேயில். மூன்றரை வருஷத்துக் கணக்கு வங்கி அறிக்கையில் வரிசையாக இருந்தது. குட்டியாக இருந்தபோது நான் மடியில் வைத்திருக்கும் போட்டோக்கள் இருந்தன. இதையெல்லாம் என் போனில் வைத்திருந்தால் அவன் பார்ப்பான். புத்தகத்தை கிளினிக்கிலேயே விட்டுவைத்தேன். மற்றதை ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து புதிதாகத் திறந்த ஒரு மெயிலுக்கு அனுப்பிக்கொண்டேன்.

2023 மார்ச்சில்தான் முதல்முதலாக ஒருவரிடம் வாயைத் திறந்தேன். ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்கார அக்கா. ஒன்றாகச் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தோம். சீட்டை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது, எதுக்கு என்று கேட்டார். அழுதுவிட்டேன். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில்தான் தயங்கித் தயங்கி நாய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இவ்வளவுதானா? எங்கம்மா வீட்ல ரெண்டு மாடு கட்டிக் கிடக்கு. இதுவும் ஒண்ணு கூட இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அவருடைய அம்மா வீடு மதுராந்தகம் பக்கம் ஒரு கிராமம்.

ஆபீஸ் போனிலிருந்து 181-க்கும் பேசினேன். பெண்களுக்கான இலவச உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம். பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் அவரைப் பார்க்கலாம், சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்கிக்கொண்டே சட்ட உதவியும் மனநல ஆலோசனையும் பெறலாம் என்பதெல்லாம் அன்றுதான் தெரிந்தது. அப்புறம் ஒரு தங்குமிடத்தில் விசாரித்தேன். நாயை வைக்க அங்கே வசதி இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஒரே அறையில் கைக்குழந்தைகளோடு பெண்கள் படுக்கும் இடம் அது. நாய்க்குத் தனியாக ஒரு இடம் பார்த்தால்தான் நமக்கு இடம் கிடைக்கும் என்பது புரிந்தது.

அங்கேதான் என் யோசனை மாறியது. அதுவரை நானும் சீனியும் ஒரே நாளில், ஒரே ஆட்டோவில், ஒரு பையோடு ஓடுவதாகத்தான் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பையும் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினால் நாலு பேர் பார்ப்பார்கள். நடுவில் அவன் வந்துவிட்டால் இரண்டு பேரும் மாட்டுவோம். நான் கிளம்பும் நாளில் அவள் ஏற்கெனவே அவன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும், அவள் வீட்டில் இல்லாததற்கு அவன் சந்தேகப்படாத காரணமும் இருக்க வேண்டும்.

காரணம் கையிலேயே இருந்தது. அவளுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டரம்மா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பணம் வெட்டி என்று அவன் தள்ளிப்போட்டு வந்தான். ஜூன் மாதம் தெரு நாய்கள் கேட்டுக்கு வெளியே கூடிச் சத்தம் போட்டதில் அவனே "எங்கயாவது கொண்டு போய்ப் பண்ணித் தொலை" என்றான். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். "தையல் ஆறுற வரைக்கும் அங்கயே இருக்கட்டும், வீட்ல நக்கி நக்கிப் புண்ணாக்கிடும்" என்று சொல்லி ரசீதை மேஜை மேல் போட்டு வைத்தேன். மூன்றாம் நாள் அக்காவின் தம்பி தன் ஆம்னி வேனில் சீனியை மதுராந்தகம் கொண்டு போனார். கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு அவள் மாட்டுக் கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படத்தை அக்கா தன் போனில் காட்டினார். எனக்கு அனுப்பவில்லை. அனுப்பக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தோம்.

எல்லோருக்கும் இப்படி நேரம் கிடைக்காது என்று தெரியும். இன்று இரவே உயிருக்கு ஆபத்து என்றால் 112-ஐக் கூப்பிடுங்கள், கிளம்பிவிடுங்கள், நாயை அப்புறம் எடுக்கலாம். ஆனால் ஒரு வாரமாவது கையில் இருந்தால் மிருகத்தை முன்னால் அனுப்புங்கள். ஆபரேஷன், பல்வலி, உண்ணிக் காய்ச்சல், ஊரில் அண்ணன் மகள் கேட்கிறாள் என்று எதையாவது சொல்லலாம். சொல்லும் காரணம் கொஞ்சமாவது நிஜமாக இருந்தால் நல்லது, அவன் விசாரித்தால் நிற்கும்.

புதன்கிழமை. அவன் எட்டேகாலுக்கு வேலைக்குப் போனான். நான் வழக்கம் போல எட்டரைக்கு, வழக்கமான பையோடு. சாப்பாட்டுப் பையில் டப்பாவுக்குப் பதில் சான்றிதழ்கள், ஆதார், வங்கிப் புத்தகம், கல்யாண போட்டோ இரண்டு, ஒரு செட் துணி. நகையில் பாதி அவன் அம்மா வீட்டில் இருந்தது, அதன் போட்டோக்களை முன்பே எடுத்திருந்தேன். ஆபீஸ் வாசலிலிருந்து அக்கா தெரிந்த டிரைவர் ஒருவரின் காரில் ஏற்றிவிட்டார். மதுரை வரை 7,500 ரூபாய், சீட்டுப் பணத்திலிருந்து. ரயிலையும் யோசித்துப் பார்த்தேன். நாயைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் முதல் வகுப்பு ஏசியில் ஒரு கேபினையோ இரண்டு பேர் படுக்கும் கூபேயையோ முழுதாகப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பார்சல் ஆபீஸில் பதிவு செய்து கார்டு வேனில் இருக்கிற நாய்க் கூண்டில் போட வேண்டும். தையல் போட்ட நாயை இரவு முழுக்க அந்தக் கூண்டில் விட மனசு வரவில்லை.

மதுராந்தகத்தில் கார் நின்றதும் சீனி என்னைப் பார்த்துக் கூம்போடு ஓடி வந்து காலில் முட்டினாள். அக்காவின் அம்மா ஒரு தூக்கில் தயிர்ச்சாதம் கொடுத்து, "போயிட்டு வாரேன்னு சொல்லாத கண்ணு, போறேன்னு சொல்லு" என்றார்.

விழுப்புரம் தாண்டும்போது அவன் போன் வந்தது. அந்த போனை அணைக்காமல் வைத்திருந்தது என் தப்பு. எங்கே இருக்கிறேன் என்று அவன் கேட்கவில்லை. முதல் கேள்வி, "நாய் எங்கே?" நான் பேசாமல் கட் பண்ணினேன். கை நடுங்கியது, ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அவன் தேடுகிற கயிறு இப்போது என் மடியில் இருக்கிறது. போனை அணைத்து சிம்மைக் கழற்றினேன். மதுரையில் கூகுள் கணக்கையும் புதிதாகத் திறந்தேன், பழையதில் லொகேஷன் பகிர்வு ஓடிக்கொண்டிருந்தது. அன்று மாலை அவன் கிளினிக்குக்குப் போயிருக்கிறான். "ஓனர் வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. புக்ல அவங்க பேர்தான் இருக்கு" என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் வாரம், நான் அவனுடைய நாயைத் திருடிவிட்டதாகப் புகார் கொடுத்தான். என்னை மகளிர் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். புத்தகத்தையும், ஜிபே கணக்கையும், போட்டோக்களையும் வைத்தேன். அங்கே இருந்த போலீஸ் அம்மா பக்கம் பக்கமாகப் புரட்டி, தீக்காயம் எழுதியிருந்த தாளில் நின்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். புகார் அத்தோடு முடிந்தது.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நான் தெரிந்துகொண்ட முக்கியமான விஷயம், மனுவை அவன் இருக்கிற ஊரில்தான் போட வேண்டும் என்று இல்லை. நாம் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே போடலாம். தாம்பரத்துக்கு அலைய வேண்டுமோ என்ற பயத்தில் ஒரு மாதத்தை வீணாக்கியிருந்தேன். வக்கீல் இலவசமாகவே கிடைத்தார். பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீலை ஏற்பாடு செய்து தர வேண்டும், அதற்கு 15100 என்ற எண்ணும் இருக்கிறது. சட்டத்தில் அடி மட்டும் வன்முறை ஆகாது. வார்த்தையால், மனசால், பணத்தால் செய்வதும் சேரும். ஆனால் வளர்ப்பு மிருகம் என்ற சொல் அதில் எங்குமே இல்லை. அமெரிக்காவில் மெயின் மாநிலம் அதே 2006-இல் பாதுகாப்பு உத்தரவில் வளர்ப்பு மிருகங்களையும் சேர்க்கலாம் என்று சட்டமே போட்டுவிட்டதாம். நமக்கு அந்த வரி இன்னும் வரவில்லை, வர வேண்டும்.

இருந்தாலும் வழி இருந்தது. பிரிவு 18, பாதுகாப்பு உத்தரவு பற்றியது. எதிராளி என்னென்ன செய்யக் கூடாது என்று அதில் வரிசையாக இருக்கும். கடைசியில், உத்தரவில் குறிப்பிடும் வேறு எந்தச் செயலையும் தடுக்கலாம் என்று ஒரு இடம் விட்டிருக்கிறார்கள். வக்கீலம்மா முதலில் தயங்கினார், நாயை இழுத்தால் வழக்கு லேசாகத் தெரியுமோ என்று. கேட் கொண்டிக் கதையையும் குளியலறை வீடியோவையும் முழுசாகச் சொன்ன பிறகு அவரே மனுவில் தனிப் பத்தியாக எழுதினார். நீதிபதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நாய் யார் பெயரில் இருக்கிறது?" புத்தகத்தைக் கொடுத்தோம். இடைக்கால உத்தரவில், மனுதாரரையோ அவர் வசம் உள்ள வளர்ப்பு நாயையோ அணுகவோ துன்புறுத்தவோ கூடாது என்று வந்தது. உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு.

மிருகவதைத் தடுப்புச் சட்டத்தை நம்பி ரொம்ப எதிர்பார்க்காதீர்கள். 1960-இல் போட்ட சட்டம், முதல் தடவை செய்த கொடுமைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். கொன்றாலோ ஊனமாக்கினாலோ இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 325-இல் ஐந்து ஆண்டு வரை தண்டனை இருக்கிறது. அதற்காக மிருகம் சாகும் வரை காத்திருக்க முடியாது.

நீதிமன்ற வராண்டாவில் எனக்கு ஒரு அக்கா பழக்கமானார். உசிலம்பட்டிப் பக்கம். அவர் புருஷனை விட்டு வரத் தயங்கியது நான்கு ஆடுகளுக்காக. பெண்கள் பேரில் அரசாங்கம் விலையில்லாமல் கொடுத்ததே, அந்த ஆடுகளும் அதன் குட்டிகளும். அதை விற்றுத்தான் மகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு. இவர் அண்ணன் வீட்டுக்கு வந்த மறுவாரமே புருஷன் சந்தையில் எல்லாவற்றையும் விற்றுக் குடித்துவிட்டான். "நாயின்னா கூட்டிட்டு ஓடியாந்துரலாம் தாயி, ஆட்டுமந்தைய எப்படி ஓட்டிட்டு வர?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் வக்கீலம்மாவிடம் கூட்டிப் போனேன். அவர் சொன்னது இதுதான்: மனைவியின் உடைமையை விற்றுவிடுவது பொருளாதார வன்முறை, அதற்கு இழப்பீடு கேட்கலாம். ஆனால் ஆடு கொடுத்தபோது வாங்கிய காகிதமும், காதில் போட்ட அடையாள வில்லையின் எண்ணும், பக்கத்து வீட்டுக்காரர் சாட்சியும் வேண்டும். கிராமத்தில் இருப்பவர்கள் ஆட்டை, மாட்டை முன்கூட்டியே வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க, விடுவது போல உறவில் யார் வீட்டிலாவது விட்டு வைக்கலாம் என்றும் சொன்னார். வாரத்துக்கு விடுவது பல ஊரிலும் இருக்கிற வழக்கம்தான், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

வீடு கிடைப்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. தனிப் பெண் என்றதும் பாதி வீடு போனது, நாய் என்றதும் மீதி போனது. அடுக்குமாடிச் சங்கங்கள் வளர்ப்பு மிருகம் கூடாது என்று தடை போட முடியாது என்று விலங்குகள் நல வாரியம் சொல்லியிருக்கிறது. ஆனால் வாடகைக்கு விடுகிறவர் முகத்தைப் பார்த்துவிட்டு "ஆள் வந்துட்டாங்கம்மா" என்றால் அதற்கு மேல் என்ன பேசுவது? பன்னிரண்டாவது வீட்டில், திருப்பரங்குன்றம் போகிற வழியில், தனியாக இருக்கும் ஒரு பாட்டி மாடிப் போர்ஷனைக் கொடுத்தார். ஒரு மாத அட்வான்ஸ் கூடுதல். "நாய் குலைச்சா எனக்கும் காவல்தானே" என்றார். டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருந்த சீட்டு ஒன்றைக் காட்டினேன், தடுப்பூசி எல்லாம் போட்ட, யாரையும் கடித்திராத நாய் என்று. அப்படி ஒரு சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சை விட உதவும்.

புது வீட்டில் முதல் இரண்டு நாள் சீனி எதுவும் சாப்பிடவில்லை. பழைய வீட்டில் அவள் படுத்த என் நைட்டி ஒன்றைக் கொண்டு வந்திருந்தேன். அதில் படுத்தே கிடந்தாள். தீனியையும் உடனே மாற்றவில்லை, அதே பிராண்ட், அதே தட்டு. முதல் மாதம் வெளியே போகும்போது கழுத்துப் பட்டையோடு உடம்புப் பட்டையும் போட்டு இரண்டு கயிறு கட்டினேன். பழக்கமில்லாத ஊரில் பயந்து கழன்று ஓடினால் வீடு திரும்ப அதற்கு வழி தெரியாது. ஆண்கள் குரல் கொஞ்சம் உயர்ந்தாலும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். இழுக்க வேண்டாம், தானாக வரட்டும் என்று மதுரையில் தையல் பிரித்த டாக்டர் சொன்னார். நானும் கட்டில் பக்கத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வேன். ஐந்தாறு வாரத்தில் பாட்டியின் பேரன் புல்லட் சத்தத்துக்கு அவள் காதை மட்டும் தூக்கினாள், எழுந்திருக்கவில்லை.

ஒன்று மட்டும் போகவில்லை. இந்த வீட்டு கேட்டிலும் அதே மாதிரி இரும்புக் கொண்டி. பால்காரர் காலையில் அதைத் தூக்கிப் போடும் சத்தத்தில் சீனி உள்ளே ஓடுவாள். எனக்கும் அடிவயிற்றில் பிடித்துக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருமுனைக் கடையில் பழைய சைக்கிள் டியூப் ஒன்றை வாங்கி, பட்டை பட்டையாக வெட்டி, கொண்டி மேலும் அது விழுகிற இடத்திலும் இறுக்கிச் சுற்றினேன். பாட்டி வாசல் படியில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டே பார்த்தார். எதுக்கு என்று கேட்டார். சொன்னேன். முழுசாகவே சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, பூவைத் தண்ணீர் தெளித்து மூடி வைத்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை குழம்புக்குக் கறிவேப்பிலை பறிக்கக் கீழே இறங்கிப் போனபோது பார்த்தேன். மிச்சமிருந்த டியூப்பை எடுத்து, பின்பக்கக் கதவுக் கொண்டியிலும் சுற்றி வைத்திருந்தார்.